ஜான் நல்லவன்தான்

சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையை முதன்முறை வாசித்தபோது எனக்கு 24 வயது. கம்பெனி பஸ்ஸில், ஓ.எம்.ஆர் நெரிசலில் உட்கார்ந்து மொபைலில் படித்தேன். நல்ல பேய்க்கதை என்று ஒரு நண்பன் அனுப்பியிருந்தான். முடித்ததும் 'புருஷன் கேவலமான ஆளு' என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன். அதோடு கதை எனக்கு முடிந்துபோனது. ஆணாதிக்கம், பெண்ணடிமை, பத்தொன்பதாம் நூற்றாண்டு. டப்பாக்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன, போட்டு மூடிவிட்டேன்.

இரண்டாம் முறை வாசித்தபோது வயது 34. மகளுக்கு ஏழு மாதம். இந்த முறை கதையை அனுப்பியது என் மனைவி. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை, வெறும் லிங்க். மொத்தமே 6,000 சொற்கள் இருக்கும். அதை முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஜான் வாயைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் மொபைலைக் கவிழ்த்து வைக்கவேண்டியிருந்தது.

கதையை வாசிக்காதவர்களுக்காக: 1892 ஜனவரியில் 'தி நியூ இங்கிலாண்ட் மேகசின்' இதழில் வெளிவந்தது. சமீபத்தில் பிள்ளை பெற்ற ஒருத்தி தன் நாட்குறிப்பாகச் சொல்கிறாள். அவளுக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவன் கணவன் ஜான், அவன் டாக்டர். அவளுடைய அண்ணனும் டாக்டர், அவரும் அதையேதான் சொல்கிறார். கோடைக்கு ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, மாடியில், ஜன்னலுக்குக் கம்பி போட்ட ஒரு அறையில் அவளைத் தங்கவைக்கிறான் ஜான். அவளுக்குப் பிடித்தது தாழ்வாரத்தைப் பார்த்த கீழ் அறை. மாடி அறைக்குத்தான் காற்றோட்டம் அதிகம் என்கிறான் அவன். எழுதக்கூடாது, வேலை செய்யக்கூடாது, ஆட்களைப் பார்க்கக்கூடாது. ஒளித்துவைத்து எழுதுகிறாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறாள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மெல்ல மெல்ல அந்தத் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுக் குலுக்குவது தெரிய ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதில் ஜான் என்ன தப்பு செய்தான்? 24 வயதில் நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஜான் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வைப்பாட்டி இல்லை. மணிக்கு மணி அவளுக்கு மருந்து எழுதித் தருகிறான். அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுக்கவைத்து, அவள் அசந்துபோகும்வரை புத்தகம் வாசித்துக் காட்டுகிறான். நம் ஊரில் இப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால் தெருவே கண்ணு வைக்கும். கில்மன் செய்த மிகப் பெரிய காரியம் ஜானை நல்லவனாக எழுதியது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். நல்லவனிடம் என்ன சொல்வது? உன் அன்பு எனக்குக் கஷ்டமா இருக்கு என்றா? அப்படிச் சொன்னாலே நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். அவளும் அந்த நாட்குறிப்பில் திரும்பத் திரும்பத் தன்னையேதான் திட்டிக்கொள்கிறாள், அவ்வளவு அக்கறையான மனுஷனிடம் எரிச்சல்படுகிறேனே என்று.

கதையின் நடுவில் ஒரு இரவு. நிலா வெளிச்சம். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, இங்கிருந்து என்னைக் கூட்டிப்போ என்கிறாள். அவன் மறுக்கிறான். வீட்டு வாடகை இன்னும் மூன்று வாரத்துக்கு இருக்கிறதாம். அவள் தேறிவருகிறாளாம், சதை போட்டிருக்கிறாளாம், முகத்தில் நிறம் வந்திருக்கிறதாம், டாக்டரான தனக்குத் தெரியாதா என்கிறான். நான் கொஞ்சம்கூட எடை போடவில்லை என்கிறாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே அணைத்துக்கொள்கிறான். உடம்பு வேணா தேறியிருக்கலாம், என்று ஆரம்பிக்கிறாள். அவன் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பார்வை பார்க்கிறான். அவள் வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. மீதி பாதி கதை முடியும்வரை வருவதே இல்லை.

அந்தப் பாதி வாக்கியத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். கோவில்பட்டியில், மனைவியின் அம்மா வீட்டில், குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது. வெள்ளி இரவு பஸ் ஏறி சனி காலை இறங்குவேன், ஞாயிறு இரவு திரும்பிவிடுவேன். அத்தை எனக்கு அறிக்கை தருவார். "நல்லா சாப்பிடுதா மாப்ள. பூண்டுக் குழம்பு, கருவாடு எல்லாம் குடுக்கேன். பால் நல்லா ஊறுது. ரத்தம் டெஸ்ட் எடுத்தோம், பன்னெண்டுக்கு வந்துட்டு." நான் குழந்தையின் எடையை எக்செல் ஷீட்டில் ஏற்றுவேன். கிராஃப் அழகாக மேலே போனது. அவள் படுக்கையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஆனா..." என்றாள். நான் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறம் என்ன, எல்லாம் நார்மலாதான இருக்கு" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. எல்லா எண்ணும் நார்மலாகத்தான் இருந்தது.

*

கில்மனுக்கு 1885 மார்ச்சில் மகள் பிறந்தாள். அதன்பிறகு அழுகை, அயர்ச்சி, எதிலும் பிடிப்பின்மை. 1887இல் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற பெரிய நரம்பியல் டாக்டரிடம் போனார். அன்றைக்கு அமெரிக்காவில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய வைத்தியத்துக்கு ஓய்வுச் சிகிச்சை என்று பெயர். வாரக்கணக்கில் படுக்கை, தனிமை, நிறைய பால், மசாஜ், கொஞ்சம் மின்சாரம். 1877இல் அவர் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'ஃபேட் அண்ட் பிளட்'. கொழுப்பும் ரத்தமும்! அத்தையின் அறிக்கையும் அதுதான், என் எக்செல் ஷீட்டும் அதுதான். கில்மனை வீட்டுக்கு அனுப்பும்போது மிட்செல் சொன்ன புத்திமதிகளைக் கில்மனே பிற்பாடு எழுதியிருக்கிறார்: முடிந்தவரை வீட்டோடு இரு, குழந்தை எப்போதும் உன்னோடு இருக்கட்டும், மூளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதே, உயிருள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடாதே.

இதே மிட்செலிடம் அதே காலகட்டத்தில் ஓவன் விஸ்டர் என்ற இளைஞன் போனான். அவனுக்கும் நரம்புத் தளர்ச்சி. அவனுக்கு டாக்டர் சொன்ன வைத்தியம், மேற்கே போ. 1885இல் அவன் வயோமிங் போனான், குதிரை ஏறினான், வேட்டையாடினான், பார்த்ததையெல்லாம் குறித்துவைத்தான். 1902இல் 'தி வர்ஜீனியன்' நாவல் வந்தது. கௌபாய் கதை என்ற வகைமையே அதிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். ஒரே டாக்டர், ஒரே நோய்ப் பெயர். ஆணுக்கு உலகத்தைத் திறந்துவிட்டார், பெண்ணுக்கு அறையைச் சாத்தினார். பால் அதிகாரம் மருத்துவத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. இதில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கில்மன் மூன்று மாதம் அந்தப் புத்திமதியைக் கடைப்பிடித்துப் பார்த்தார், பைத்தியத்தின் விளிம்புவரை போனார், பிறகு தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். 1888இல் கணவரைப் பிரிந்து மகளோடு கலிஃபோர்னியா போனார். கதையைத் தான் எழுதியதற்கான காரணத்தை 1913இல் சொன்னபோது, யாரையும் பைத்தியமாக்க எழுதவில்லை, பைத்தியமாகாமல் காப்பாற்றவே எழுதினேன் என்ற பொருளில் முடித்திருந்தார். இந்தக் கதையை ஒரு புகார் மனு மாதிரி எழுதி, பிரதி ஒன்றை மிட்செலுக்கே அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை.

*

பெண் சொல்வது தகவலாகவே கணக்கில் வராது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய பட்டியலே உண்டு. எனக்கு மறக்கமுடியாதது வியன்னா.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் பயிற்சித் தாதிகள். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மார்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர், இரண்டாவதில் சுமார் 4. இன்ன நாள் இன்ன பிரிவு என்று முறைவைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் பிரிவின் முறை என்று தெரிந்தால் வலியோடு வந்த பெண்கள் முழங்காலிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்களாம், எங்களை அங்கே அனுப்பாதீர்கள் என்று. இக்னாஸ் செம்மல்வைஸ் இதையெல்லாம் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1847இல் அவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகிறார்கள். குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவவைத்தார், சாவு சடாரென்று குறைந்தது. நாம் வழக்கமாகச் சொல்லும் கதை செம்மல்வைஸின் மேதைமை, அவரை ஏற்காத சீனியர் டாக்டர்களின் மூடத்தனம். ஆனால் எனக்கு அந்தக் கெஞ்சல்தான் உறுத்துகிறது. எது கொல்கிறது என்று அந்த ஏழைப் பெண்களுக்குத் தெரியாது, எங்கே கொல்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. என் தொழிலில் இதை பக் ரிப்போர்ட் என்போம். யூசர் ஆயிரம் தடவை ரிப்போர்ட் போட்டும், டெவலப்பர் 'என் மெஷின்ல ஓடுதே' என்று மூடிக்கொண்டே இருந்திருக்கிறான்.

பணமும் புகழும் இருந்தால் கேட்பார்களா? 2017 செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியனில் மகள் பிறந்தாள். மறுநாள் மூச்சு திணறியது. அவருக்கு ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக் கட்டி வந்த வரலாறு உண்டு. நர்ஸைக் கூப்பிட்டு, எனக்கு சி.டி. ஸ்கேனும் ஹெபாரினும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். டாக்டர் வந்து முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார். ஒன்றுமில்லை. அப்புறம்தான் சி.டி. எடுத்தார்கள். நுரையீரலில் கட்டிகள். உலகத்திலேயே தன் உடம்பைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர்களில் ஒருவர் அவர், அந்த உடம்பை வைத்து 23 கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர். அவருக்கே அந்த நிலைமை. அமெரிக்காவில் 2021 கணக்குப்படி கறுப்பினத் தாய்மார்களின் மரண விகிதம் வெள்ளையர்களைப் போல 2.6 மடங்கு. இந்த எண்ணுக்குள் எத்தனை பாதி வாக்கியங்கள் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பொதுச் சுகாதாரத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சட்டகம் உண்டு. செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் 1994இல் எழுதிய கட்டுரையின் மூன்று தாமதங்கள்: ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் வைத்தியம் கிடைப்பதில் தாமதம். பெண்ணின் நிலை என்பது பெரும்பாலும் முதல் தாமதத்தோடு வைத்துப் பேசப்படும். மாமியார் விடவில்லை, புருஷன் ஊரில் இல்லை, கையில் காசில்லை. தமிழ்நாட்டில் அந்த முதல் கதவையும் இரண்டாம் கதவையும் ரொம்பவே திறந்துவிட்டோம், அதில் எனக்குப் பெருமை உண்டு. 2019-21 ஆய்வில் இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். 2018-20இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் 54, இந்திய சராசரி 97. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியிலும் நர்ஸ் இருப்பது யாரோ பல வருஷம் போராடி உருவாக்கிய ஏற்பாடு. ஆனால் செரீனா முதல் இரண்டு கதவுகளையும் தாண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இருந்தவர். கில்மனின் நாயகியோ டாக்டரின் கட்டிலிலேயே இருக்கிறாள். அவர்கள் மாட்டிக்கொண்டது, இவள் சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா என்ற ஒரே கேள்வியில்தான். அது மூன்று கதவுகளிலும் காவல் நிற்கிறது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: உங்கள் உடல்நலம் பற்றிய முடிவை யார் எடுக்கிறார்கள்? நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா, வேறு யாராவதா? ஆய்வுக்காரர் மாடிப்படி ஏறி அந்த மஞ்சள் அறைக்குப் போயிருந்தால் கதைசொல்லி என்ன சொல்லியிருப்பாள்? 'சேர்ந்துதான்' என்றிருப்பாள். பொய்யே இல்லை, அவள் அப்படித்தான் நம்புகிறாள். ஜான் எதையும் திணிப்பதில்லை, அவளைச் சம்மதிக்கவைக்கிறான். என் மனைவியும் 'சேர்ந்துதான்' என்றிருப்பாள். எங்கள் வீட்டில் எல்லாம் பேசித்தான் முடிவெடுப்போம். பேசியது பெரும்பாலும் நான்.

*

கோவில்பட்டியில் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் ஐந்து வாரம் ஓடியது. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அங்கே கூட்டிப்போனது நான் அல்ல, அவளுடைய சித்தி. நான் லீவ் போட்டு வந்து காரில் ஏறிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மருத்துவர் ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தது என்று. எடின்பரோ அளவுகோல் என்பது அதன் பெயர், 1987இல் உருவானது. முதல் கேள்வி சிரிக்கமுடிகிறதா என்பது. "சிரிப்பா டாக்டர், குழந்தையோட இருக்கும்போது சிரிப்பா" என்றேன். இரண்டாவது கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தபோது டாக்டர் பேனாவை மூடினார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்கிறவர் போலச் சொன்னார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னை மாதிரி நாலு பேர், கையில் பால்புட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் நாற்பது நிமிடம் பேசினாள். பத்தாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னாள் என்பதை ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அவளும் எழுதியிருந்தாள். மொபைல் நோட்ஸில், மளிகை லிஸ்ட் என்று தலைப்புப் போட்டு. யாராவது எட்டிப் பார்த்தாலும் திறக்கமாட்டார்கள் என்று. துவரம் பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், அதற்குக் கீழே பத்துத் திரை தள்ளிப்போனால் நாட்குறிப்பு. 1892இல் ஒருத்தி ஆள் வரும் சத்தம் கேட்டு நிறுத்துகிறாள், இங்கே ஒருத்தி பருப்புக்குக் கீழே எழுதுகிறாள். இது வெறும் இலக்கியப் பொருத்தம் இல்லை. இரண்டு பேரையும் எழுதாதே என்று யாரும் மிரட்டவில்லை. ரெஸ்ட் எடு என்றுதான் சொன்னோம்.

இதனால்தான் கதையின் முடிவைப் பற்றிய ஒரு பிரபலமான வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. கதை அரை நூற்றாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 1973இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் மறுபதிப்பு போட்டதும் பெண்ணியவாதிகள் கொண்டாடினார்கள். 1979இல் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் அந்த முடிவில் ஒரு தப்பித்தலைக் கண்டார்கள். அவள் தாளையெல்லாம் கிழித்தெறிகிறாள், ஜான் மயங்கி விழுகிறான், அவன்மேல் ஏறி ஊர்ந்து போகிறாள். சரி, படிமமாகப் பிரமாதம். ஆனால் அவள் ஊர்ந்துகொண்டிருக்கிறாள். அறையைச் சுற்றிச் சுற்றி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் மனநோயைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரும் அதை விடுதலை என்று சொல்லமாட்டார்கள். அது ஒரு நோயாளியைத் தவறவிட்ட காட்சி. வைத்தியம் தோற்றுவிட்டது, இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் நடப்பது. தாய் மரணக் கணக்கு பிரசவத்துக்குப் பின் 42 நாளோடு நின்றுவிடும். இவள் சாகவும் இல்லை, 42 நாளுக்குள் அடங்கவும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டாள். அவளைக் குறியீடாக்கிக் கொண்டாடுவதும் அவள் சொல்வதைக் கேட்காமல் இருப்பதில் ஒரு தினுசுதான் என்று எனக்குப் படுகிறது. கில்பர்ட்டையும் குபாரையும் ஜானோடு சேர்க்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம். அவர்கள் இல்லையென்றால் இந்தக் கதையே எனக்கு வந்து சேர்ந்திருக்காது.

தமிழில் இதோடு வைத்து யோசிக்கப் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இருக்கிறது. அது பிரசவக் கதை அல்ல, நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியின் கதை. பிரமநாயகம் பிள்ளை ஆக்கிப்போடுகிறார், கால் பிடித்துவிடுகிறார். தமிழில் கணவனின் அன்பை இவ்வளவு ஈரத்தோடு சொன்ன கதை குறைவு. ஆனால் நாம் கதை முழுக்க நிற்பது பிள்ளையின் பக்கம். அதே வீட்டில் செல்லம்மாள் மளிகை லிஸ்டுக்குக் கீழே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? இந்தக் கேள்வியால் அந்தக் கதை ஒன்றும் சிறுத்துப்போகாது. எனக்கு இப்போது அந்தக் கதை இரண்டு கதையாகத் தெரிகிறது, அவ்வளவே.

*

கில்மனிடம் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. கதையில் மேரி என்று ஒருத்தி வருகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். நல்லவேளை, மேரி குழந்தையிடம் நன்றாக நடந்துகொள்கிறாள் என்று ஒரு வரி. அத்தோடு சரி. மேரிக்குப் பிள்ளை உண்டா, அதை யார் பார்க்கிறார்கள், மேரிக்குத் தூக்கம் வருகிறதா, எதுவும் இல்லை. ஓய்வுச் சிகிச்சையே மேரிகள் இருக்கும் வீட்டில்தான் சாத்தியம். கில்மனின் பிற்கால எழுத்துகளைப் படித்தால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். 1908இல் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர்களைப் படை போலத் திரட்டி வேலை வாங்கலாம் என்று யோசனை சொல்கிறது. தன் அறையின் கம்பியை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவருக்கு அடுத்தவளின் அறை கண்ணில் படவே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் மேரி ஞாபகத்துக்கு வந்தார். கோவில்பட்டியில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட தினமும் காலையில் ஒரு அக்கா வருவார். நான் சனி, ஞாயிறுகளில் பார்த்திருக்கிறேன். கைப்பக்குவம் என்றால் அப்படி ஒரு கைப்பக்குவம், குழந்தை அழாது. நடுவில் பத்து நாள் வரவில்லை. அத்தைக்குக் கோபம், சொல்லாமல் நின்றுவிட்டாள் என்று. அவருடைய மகள் அப்போது நிறைமாசமாக இருந்தாள் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. என் ஷீட்டில் அந்தப் பத்து நாளும் குளிப்பாட்டல் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

நேற்று ராத்திரி மனைவியிடம் கேட்டேன், அந்த அக்கா மகளுக்கு என்ன குழந்தை பிறந்தது, தெரியுமா என்று.

"பையன். எட்டாம் மாசமே பிறந்துட்டான். அந்தப் பொண்ணுக்கு வீசிங் மாதிரி வந்து, யாரும் கண்டுக்கலன்னு அக்கா அழுதுச்சு. அப்பவே உன்கிட்ட சொன்னேன்."